மூத்தவன் வீட்டுக்கு வருகிறான், இளையவனுக்கு நீதிமன்றத் தவணை

திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. ஊர், பெயர், வழக்கு இலக்கம் என்று குடும்பத்தை இனங்காட்டக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் முதலில் சொல்கிறேன்.

இவருடைய அக்கா ஐந்து வருடங்களாகக் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். அக்காவின் கணவர் பிரிந்து போய் வேறு குடும்பமாகிவிட்டார். இரண்டு ஆண் பிள்ளைகளும் அம்மம்மாவின் வீட்டிலும், அடுத்த வளவில் குடியிருக்கும் இந்தச் சின்னம்மாவின் கண்காணிப்பிலும் வளர்ந்தவர்கள். மூத்தவன் 15 வயதில், ஒரு வாடைக்காலத்தில், தன்னிலும் வயது கூடிய இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளம் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி விற்றதாகப் பிடிபட்டான். முதல் தவணையன்று குடும்பத்திலிருந்து எவரும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அம்மம்மாவுக்குத் திகதி தெரியாது, சின்னம்மா பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். பையன் முதலில் தடுப்பு இல்லத்துக்கும், பிறகு நீதிமன்றக் கட்டளையின்படி அச்சுவேலியில் உள்ள சான்றுபெற்ற பாடசாலைக்கும் (நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம் அது) போனான். இப்போது அவனுக்குப் பதினாறரை வயது. இன்னும் நான்கு மாதத்தில், அதாவது மார்கழியளவில், வீட்டுக்கு வருவான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் 13 வயதான இளையவனும் பிடிபட்டிருக்கிறான். அதே இளைஞர்கள் சந்திக் கடையொன்றின் காசுப் பெட்டியை எடுத்தபோது அவன் வாசலில் நின்றதாகக் குற்றச்சாட்டு. பிணையில் வீட்டில் இருக்கிறான், அடுத்த மாதம் தவணை. நாற்பதாயிரம் ரூபாய் தந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமலே முடித்துத் தருவதாக ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். மூத்தவனை வந்த கையோடு கொழும்பில் கடையொன்றில் சேர்த்துவிடலாம் என்கிறார் தாய்மாமன். பழைய பாடசாலையின் அதிபர், பிள்ளையை மறுபடி எடுத்தால் மற்றப் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று தயங்குகிறார். அக்கா, வேலையை விட்டுவிட்டு இப்போதே வந்துவிடட்டுமா என்று தொலைபேசியில் அழுகிறார். “ஐந்து கந்தோர் ஏறி இறங்கிவிட்டேன். எல்லாரும் நல்ல விதமாகத்தான் கதைக்கிறார்கள். ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை. என்னுடைய பெறாமக்கள் இருவரையும் யாரிடம் போய் ஒப்படைப்பது?” என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்தக் கடைசி வரிகளைத்தான். நன்னடத்தைச் சேவையில் என் தலைமயிர் நரைத்தது. ஓய்வுபெற்ற பிறகு ஆலோசகராக இருக்கிறேன். ஒரு பிள்ளை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஏற்படும் கேட்டில் பெரும்பகுதி, எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதனால் வருவதில்லை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கோப்பு போகும் இடைவெளியில்தான் பிள்ளை விழுந்துவிடுகிறது. என்னுடைய சேவையின் ஆரம்ப வருடங்களில் நானே அப்படியொரு தவறு செய்தேன். ஒரு பையனின் விடுவிப்பைப் பற்றிய கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். கடிதம் போய்ச் சேரு முன்னர் பையன் வந்து சேர்ந்துவிட்டான். பஸ் நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் பையோடு மாலை வரை நின்றவனைக் கூட்டிப் போக முதலில் வந்தவர்கள், அவனை முன்பு வழக்கில் மாட்டிவிட்ட அதே கூட்டாளிகள். நான் விசாரித்துக்கொண்டு போனபோது அவன் மறுபடியும் ரிமாண்டில் இருந்தான்.

ஆகவே, யாரிடம் ஒப்படைப்பது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் உங்களுக்குச் சற்றுப் பாரமாகவே இருக்கும். ஒப்படைப்பதற்கு ஒரு தனி ஆள் கிடையாது. எல்லாரையும் ஒரு மேசையில் இருத்த வைக்கும் ஆளாக இப்போதைக்கு நீங்கள்தான் இருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கு வழி உண்டு. சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது.

ஐந்து கந்தோர்களும் ஒரு கொப்பியும்

நீங்கள் அலைந்த கந்தோர்களைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு என்ற பெயரில் நம் நாட்டில் இரண்டு அடுக்குகள் உள்ளன. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தைச் சேவை மாகாணங்களுக்குரியதாயிற்று. நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவரும், பிள்ளையை மேற்பார்வை செய்பவருமான நன்னடத்தை உத்தியோகத்தர் கிழக்கு மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். பிரதேச செயலகத்தில் நீங்கள் சந்தித்த சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரோ மத்திய திணைக்களத்தின் ஆள். அதே செயலகத்தில் இருக்கும் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் கீழ் வருகிறார். மூன்று பேரும் பிள்ளைகளின் நலனுக்காகத்தான் இருக்கிறார்கள். ஆனால் மூவரின் கோப்புகளும் மூன்று வெவ்வேறு மேலதிகாரிகளிடம் போகின்றன. இவர்களுக்கு வெளியே பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகமும் வலயக் கல்விப் பணிமனையும் இருக்கின்றன.

உங்கள் மூத்தவனின் விடயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. அவன் இருப்பது வடக்கு மாகாணத்தில், வரப்போவது கிழக்கு மாகாணத்துக்கு. அங்கே அவனைத் தினமும் காண்கிற உத்தியோகத்தருக்கு உங்கள் வீட்டைத் தெரியாது. இங்கே உங்கள் வீட்டை அறிந்த உத்தியோகத்தர் அவனைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருக்கும். இந்த இருவரும் ஒரு தடவையாவது நேரடியாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டார்களா என்பதைத்தான் நீங்கள் முதலில் அறிய வேண்டும். பேசவில்லையென்றால் பேச வைப்பதே உங்கள் முதல் வேலை.

அதற்கு நீங்கள் கேட்க வேண்டியது ஒரு கேஸ் கொன்பரன்ஸ். அந்தச் சொல்லையே பாவியுங்கள். உத்தியோகத்தர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல் அது. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான நன்னடத்தை உத்தியோகத்தருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: பிள்ளை இன்ன மாதம் வருகிறான், அதற்கு முன்னர் சிறுவர் உரிமைகள் உத்தியோகத்தர், பாடசாலை அதிபர், கிராம உத்தியோகத்தர், குடும்பத்தினர் ஆகியோரை அழைத்து ஒரு கலந்துரையாடல் வைத்துத் தாருங்கள், அச்சுவேலியிலுள்ள பொறுப்பாளரையும் குவைத்திலுள்ள தாயையும் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். கூட்டத்தின் முடிவில் எழுத்தில் ஒரு பராமரிப்புத் திட்டம் வேண்டும்: எங்கே தங்குவான், என்ன படிப்பான், யார் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார், பிசகினால் எந்த உத்தியோகத்தரை முதலில் அழைப்பது என்பவை அதில் இருக்க வேண்டும். அந்த முதல் உத்தியோகத்தர் ஒருவராகவே இருக்கட்டும். எல்லாரும் பொறுப்பு என்று எழுதப்பட்ட திட்டங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவற்றில் எவரும் பொறுப்பாக இருந்ததில்லை.

கடைக்குப் போய் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். எந்தக் கந்தோருக்குப் போனாலும் திகதி, சந்தித்தவரின் பதவி, அவர் சொன்னது, அடுத்து எப்போது வரச் சொன்னார் என்பவற்றை அன்றைக்கே எழுதுங்கள். உத்தியோகத்தர்கள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள், புதியவர் வந்து ஆதியிலிருந்து கேட்பார். அப்போது உங்கள் கொப்பிதான் வழக்கின் நினைவு. கொப்பியைப் பார்த்ததும் எதிரிலிருப்பவர் கதைக்கும் விதம் சற்று மாறுவதையும் நீங்கள் கவனிப்பீர்கள்.

இளையவனின் தவணை

இதைத்தான் அவசரமாகப் பார்க்க வேண்டும். மூத்தவனுக்கு நான்கு மாதம் இருக்கிறது, இவனுக்கு நான்கு கிழமைதான்.

நாற்பதாயிரம் கேட்டவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட பிறகு இடையில் நிற்கும் ஒருவர் அதை முடித்துத் தர முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு, அன்றைக்கு நீங்கள் வரத் தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டால், மூத்தவனின் முதல் தவணையில் நடந்ததே மறுபடியும் நடக்கும். நீதிமன்றத்துக்குப் போனால் இவனையும் அனுப்பிவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். ஆனால் மூத்தவனின் கதையை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அவனைப் பொறுப்பேற்க அன்று வீட்டிலிருந்து எவரும் போகாததே பெரிய காரணமாக எனக்குத் தெரிகிறது. வீட்டில் பெரியவர் இருக்கிறாரா என்பதே ஒரு நீதவான் முதலில் பார்க்கும் விடயம்.

இவனுடைய வயது சட்டத்தில் முக்கியமானது. 2018 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்ட பின்னர், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்த எதுவும் குற்றமாகாது. 12 வயதைத் தாண்டி 14 வயதை எட்டாத பிள்ளையென்றால், தான் செய்ததன் தன்மையையும் விளைவையும் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்பது பார்க்கப்பட வேண்டும்; இல்லையெனில் அதுவும் குற்றமாகாது. 13 வயதில், அண்ணன்மாரைப் போல நினைத்தவர்கள் “வாசலில் நில்” என்றபோது நின்ற பிள்ளைக்காக இந்த வாதத்தை ஒரு சட்டத்தரணி எடுத்துவைக்க வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று தவணையன்றே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். சட்டத்தரணியோடு பேசாமல் அதைச் செய்யாதீர்கள். காசு இல்லையென்று தயங்க வேண்டாம். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்வது அவர்களுடைய வேலை. பிறப்புச் சான்றிதழ், பிணை விபரம், கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு இந்தக் கிழமையே போங்கள். தவணைக்கு முதல் நாள் போகிறவர்களுக்கு அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

பொலிஸில் அவன் கொடுத்த வாக்குமூலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்க எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் இனிமேல் அவனைத் தனியாக அனுப்பாதீர்கள்; கூப்பிட்டால் நீங்களும் கூடப் போங்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பமிட வேண்டாம்.

தவணைக்கு முன்னரோ பின்னரோ நன்னடத்தை உத்தியோகத்தர் சமூக அறிக்கை எழுதுவதற்காக வீட்டுக்கு வருவார். பலர் அன்றைக்கு வீட்டைக் கூட்டிக் கழுவி, விருந்தாளிக்குப் போலத் தேநீர் வைத்து, பிரச்சினை எதுவும் இல்லையென்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது பிள்ளைக்கு உதவாது. பிள்ளை எங்கே படுக்கிறான், காலையில் யார் எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்புகிறார், மாலையில் எங்கே போகிறான், அம்மம்மாவால் முடியாதபோது யார் பார்க்கிறார் என்பவற்றை உள்ளபடி சொல்லுங்கள். அதோடு, இந்த அறிக்கை எழுதப்படுவதற்குள் நீங்கள் மாற்றியிருக்கும் ஒரு விடயத்தைக் காட்டுங்கள். உதாரணமாக, மாலை வேளையில் அவன் உங்கள் வீட்டில்தான் இருக்கிறான் என்றோ, வகுப்பாசிரியர் வரவைக் கவனித்து உங்களுக்கு அறிவிக்கச் சம்மதித்திருக்கிறார் என்றோ சொல்ல முடிந்தால், நீதவானுக்குப் பிள்ளையை வீட்டிலேயே விடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். எச்சரித்து விடவும், நன்னடத்தை மேற்பார்வையில் வீட்டில் விடவும், 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி உறவினரையோ வேறொருவரையோ தகுந்த ஆளாக ஏற்று அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தாய் வெளிநாட்டில், தகப்பன் பிரிந்துவிட்டார் என்ற நிலையில், தகுந்த ஆளாக உங்களை ஏற்கும்படி கேட்பது பற்றிச் சட்டத்தரணியுடன் கட்டாயம் பேசுங்கள். தாயின் சம்மதத்தைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய சத்தியக் கடதாசியாக அனுப்பச் சொல்லலாம். தகப்பனையும் முற்றாக விட்டுவிட முடியாது. சட்டத்தின் பார்வையில் அவர் இன்னமும் தகப்பன்தான். இடைநடுவில் வந்து ஆட்சேபித்தால் காரியம் இழுபடும். ஆகவே அவருக்கு ஒரு தகவலாவது சொல்லிவிடுங்கள்.

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 37 ஆவது உறுப்புரை, பிள்ளையைத் தடுத்துவைப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் சட்டத்தரணிக்கு இது தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி கேட்கும்போது நீங்கள் எவருடைய தயவையும் கேட்கவில்லை.

எவ்வளவு செய்தும் இவனையும் சில நாள் தடுப்பு இல்லத்துக்கு அனுப்ப நேர்ந்தால், அன்றைக்கே அவனோடு ஒரு தாள் போக வேண்டும். அவனுக்கு முட்டு வருத்தம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிளினிக் கொப்பியின் பிரதி, பாவிக்கும் பம்ப், எந்த நேரத்தில் முட்டு கூடும் என்ற விபரம், இரவில் பயந்தால் என்ன செய்வான், எந்த வகுப்பு, அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழிலும், முடிந்தால் சிங்களத்திலும் எழுதி இப்போதே ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். புதிதாக வந்த பிள்ளை முதல் இரவில் தன் வருத்தத்தை வாய் திறந்து சொல்லாது. தேவைப்படாவிட்டால் அந்த உறை அலுமாரியில் கிடக்கட்டும்.

மூத்தவன் உள்ளே இருக்கும் நான்கு மாதம்

போய்ப் பார்த்தால் அவன் அழுகிறான், பிறகு இரண்டு நாள் சாப்பிடுவதில்லையாம், அதனால் போவதை நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும். பார்க்க ஆள் வரும் பிள்ளை அழும், வராத பிள்ளை அழுவதை நிறுத்திவிடும். இரண்டாவதைக் கண்டுதான் நாங்கள் பயப்படுவோம். வவுனியா வழியாகப் போய்வர ஒரு முழு நாள் கழியும், பஸ் காசும் இலேசில்லை என்பது தெரியும். மாதம் ஒரு தடவையாவது ஒருவர் போகட்டும், இடையில் அனுமதிக்கப்பட்ட நேரத்தில் தொலைபேசியில் பேசுங்கள். போகும்போது வீட்டுக் கவலைகளைச் சொல்லி அழாமல், வரப்போகும் நாளைப் பற்றிக் கதையுங்கள். எங்கே படுக்கப் போகிறான், தம்பிக்கு என்ன நடந்தது என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். தம்பியின் வழக்கை அவனிடம் மறைக்க நினைக்கிறீர்கள். அவன் அதை ஊருக்குள் வந்த முதல் மணித்தியாலத்தில் வேறு வாயால் கேட்பான்.

உள்ளே படித்தது, பழகிய தொழில், பெற்ற சான்றிதழ், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றைக் கையோடு தரும்படி பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வந்த பிறகு கேட்டால் கடிதப் போக்குவரத்தில் மாதங்கள் போகும். 15 வயது நிறைந்தவர்கள் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவன் அந்த வயதில் உள்ளே இருந்தபடியால் விண்ணப்பம் போயிருக்குமா என்பதை விசாரியுங்கள். போகவில்லையென்றால் பிறப்புச் சான்றிதழோடு கிராம உத்தியோகத்தரிடம் போய் வழி கேளுங்கள். பரீட்சைக்கும் தொழிற்பயிற்சிக்கும் வங்கிக் கணக்குக்கும் அந்த அட்டைதான் முதலில் கேட்கப்படும். பெரிய பெரிய திட்டங்கள் இந்தச் சின்ன அட்டையில் தடக்கி நின்றதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நல்ல அறிக்கை இருந்தால் இடையில் விடுமுறையில் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் வந்து போனால், எங்கே பிரச்சினை வரும் என்பது உங்களுக்கும் அவனுக்கும் முன்னமே தெரிந்துவிடும்.

பாடசாலையா, கொழும்புக் கடையா

தாய்மாமனின் யோசனையில் அக்கறை இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். பழைய கூட்டாளிகளிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். ஆனால் ஒன்றரை வருடம் மணியடிக்கு எழும்பி, மணியடிக்குச் சாப்பிட்ட பிள்ளையை, தெரிந்தவர் எவருமில்லாத நகரத்தில், கடையின் மேல்மாடியில் படுக்க விட்டால், அவனைக் கவனிக்கிற நன்னடத்தை உத்தியோகத்தரும் இல்லாமற் போகிறார், நீங்களும் இல்லாமற் போகிறீர்கள். 2021 இல் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே அவன் வேலை செய்வதைச் சட்டம் முழுதாகத் தடுக்கவில்லை. ஆனால் ஆபத்தான வேலைகளில் 18 வயது வரை அமர்த்த முடியாது. பலநாள் மீன்பிடிப் படகில் ஏற்றிவிடலாம் என்ற யோசனை ஏதும் இருந்தால் அதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். மேற்பார்வைக் கட்டளை ஏதும் இருந்தால், உத்தியோகத்தருக்குத் தெரியாமல் இடம் மாற்றுவது கட்டளையை மீறியதாகவும் கொள்ளப்படலாம்.

பாடசாலை விடயத்தில் அதிபரோடு சண்டை பிடிக்காமல், அவருடைய பயத்தைக் கேளுங்கள். மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவருடைய கவலை. சிறுவர் வழக்குகளில் பிள்ளையை அடையாளம் காட்டும் விபரங்களை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது; பாடசாலைக்குள்ளும் அந்த விபரம் அதிபரோடும் வகுப்பாசிரியரோடும் நிற்க வேண்டும். கேஸ் கொன்பரன்ஸுக்கு அவரை அழைக்கச் சொன்னது இதற்காகத்தான். அரச உத்தியோகத்தர்கள் நால்வர் இருக்கும் அறையில், மேற்பார்வைக்கு ஆள் இருக்கிறது என்று எழுத்தில் கண்டால் பல அதிபர்கள் இறங்கி வருவார்கள். இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனை மூலம் பக்கத்துப் பாடசாலையைக் கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றும் வழியும் இருக்கிறது.

அவனிடம் கேட்டீர்களா? உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மாமன் நினைப்பது, அதிபர் நினைப்பது, அக்கா நினைப்பது எல்லாம் இருக்கிறது. அவன் என்ன செய்ய விரும்புகிறான் என்பது மட்டும் இல்லை. அங்கே மோட்டார் திருத்தப் பழகுகிறான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எஞ்சினைக் கழற்றிப் பிடிபட்ட பையனுக்கு எஞ்சின் பூட்டுவதில் விருப்பம் இருக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையிடமும், நைட்டா என்று அழைக்கும் பயிலுநர் பயிற்சி நிறுவனத்திடமும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பாடநெறிகள் உண்டு. எவற்றுக்குச் சாதாரண தரம் வேண்டும், எவற்றுக்கு வேண்டாம் என்பதை அவனுடைய முன்னிலையிலேயே விசாரியுங்கள்.

இந்த வழக்கு ஆயுள் முழுக்கப் பெயரைக் கெடுக்கும், இனி அரச வேலையும் இல்லை, வெளிநாடும் இல்லை என்று ஊரார் சொல்வதை நம்பி, அவனிடமும் அதைச் சொல்லிவிடாதீர்கள். நீதிமன்றக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியைச் சட்டத்தரணி மூலம் பெற்று, அதில் உண்மையாகவே என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசித்துக் கேளுங்கள். சான்றுபெற்ற பாடசாலை சிறைச்சாலை அல்ல. அவன் சிறையிலிருந்து வருகிறான் என்று வீட்டில் எவரும் சொல்லவும் கூடாது.

வந்த பிறகு

மார்கழி உங்கள் கரையில் வாடைக்காலம். கடல் பொங்கும், வள்ளங்கள் ஏறிக் கிடக்கும், வேலையில்லாத இளைஞர்கள் சந்தியில் நிற்பார்கள். மூத்தவன் போன தடவை பிடிபட்டதும் இதே காலத்தில்தான். ஆகவே அவன் வந்து மூன்றாம் நாளிலிருந்து பகல் வேளைக்கு ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும்: வகுப்போ, பயிற்சியோ, ஒரு திருத்தகத்தில் அரை நாளோ. பழைய கூட்டாளிகள் மோட்டார் சைக்கிளில் கட்டாயம் வருவார்கள். அவர்களை வாசலில் வைத்து ஏசி அனுப்பினால் அவன் சுவர் ஏறிப் போவான். அவர்களிடம் என்ன சொல்லப் போகிறான் என்பதை அவனோடு முன்கூட்டியே கதைத்து வையுங்கள். “நன்னடத்தையில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கு, என்னால் ஏலாது” என்று சொல்லும் சாட்டு ஒரு பதினாறு வயதுக்காரனுக்கு மானத்தோடு விலக இடம் கொடுக்கும். அவர்களில் ஒருவர் ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிப்பதாக எழுதியிருந்தீர்கள். இவனும் முன்பு தொட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், வீட்டில் விசாரணை வைக்காமல், நன்னடத்தை உத்தியோகத்தர் மூலம் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

முதல் இரண்டு கிழமை அவன் மிக நல்ல பிள்ளையாக இருப்பான். நீங்களும், பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். ஒரு பையனின் வீட்டுக்குப் போனபோது அவனுடைய அம்மம்மா எனக்குச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்திவிட்டு, எண்ணிக்கைக்கு நிற்பதுபோல வாசலில் நிற்பானாம்; கிணற்றடிக்குப் போகவும் அனுமதி கேட்பானாம். நல்ல பழக்கம் பழகி வந்திருக்கிறான் என்று அவர் மகிழ்ந்தார். நாலாம், ஐந்தாம் கிழமையில் அது உடைந்தது: பகல் முழுக்கப் படுக்கை, எரிச்சல், கதவை அடித்துச் சாத்துதல். உங்கள் வீட்டிலும் அப்படி நடந்தால் பயப்பட வேண்டாம், அவன் பழையபடி மாறிவிட்டான் என்றும் சொல்ல வேண்டாம். அந்தக் கிழமைகளில்தான் உத்தியோகத்தரின் வருகை வேண்டும். ஆகவே திட்டத்தில் வருகைத் திகதிகளை முதல் மாதத்தில் குவிக்காமல் இரண்டாம் மாதத்துக்கும் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அக்காவின் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இப்போதே வந்தால், கடனும் வழக்கும் ஒன்றாகத் தலையில் விழும். இளையவனின் தவணைக்கு நீங்களும் சத்தியக் கடதாசியும் போதும். விடுமுறை எடுக்க முடியுமென்றால், மூத்தவன் வந்து ஒரு மாதத்துக்குப் பின்னர் அவர் வரட்டும். அதுவரை அழுகையை உங்களோடு வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு பேசும்போது அன்றாடக் கதைகளைக் கதைக்கச் சொல்லுங்கள்.

எஞ்சினுக்குச் சொந்தக்காரர் உங்கள் கரையிலேயே தொழில் செய்பவர். தினமும் அவரைத் தாண்டித்தான் பையன் கடைக்குப் போக வேண்டும். அவன் வருவதற்கு முன்னர் நீங்களும் அம்மம்மாவும் ஒரு தடவை அவருடைய வீட்டுக்குப் போய் வாருங்கள். மன்னிப்பைக் கேட்டு வாங்குவதற்காகவோ, பையனைக் கூட்டிப்போய்க் காலில் விழ வைப்பதற்காகவோ போக வேண்டாம். இன்ன மாதம் வருகிறான் என்று அவருக்கு முறையாகத் தெரிந்திருந்தால் போதும். அடுத்த தடவை கரையில் எது காணாமற் போனாலும் அவர் முதலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார், பொலிஸுக்கு அல்ல.

உள்ளேயோ வெளியேயோ பிள்ளைகளில் எவரையாவது அடித்தார்கள், துன்புறுத்தினார்கள் என்று தெரியவந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் திருகோணமலையில் இருக்கிறது. பயந்து பேசாமல் இருக்க வேண்டாம்.

இந்தக் கிழமை சட்ட உதவி நிலையம், அடுத்த கிழமை நன்னடத்தை உத்தியோகத்தருக்கான கடிதம், பிறகு அச்சுவேலிப் பயணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுவேலிக்குப் போகும்போது மூத்தவனுடைய சேட், காற்சட்டை அளவுகளைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். 15 வயதில் போனவன் அவன். அலுமாரியில் அம்மம்மா மடித்து வைத்திருக்கும் உடுப்பு ஒன்றும் இனி அவனுக்குக் காணாது.